தேனீப் பெட்டியும் வாடகைக் கொல்லையும்

அப்பா தலையில் தேனீப் பெட்டியோடு முன்னே நடக்க, நானும் அம்மாவும் காஞ்சிபுரத்தை விட்டுப் போய்க்கொண்டிருந்தோம். இன்று ஏதோ ஒரு ஊரில் தேன்மெழுகு வாசனை அடித்ததும் அந்த நடைதான் நினைவுக்கு வந்தது. மழையில் அப்பாவின் நெசவுத்தறி நின்ற நாட்களில் எங்களுக்குச் சோறு போட்டது வாடகை வீட்டின் கொல்லைதான்: முருங்கை, பப்பாளி, பாத்திரம் கழுவிய நீரில் வளர்ந்த வாழை, அவரைப் பந்தல், எல்லாவற்றின் மேலும் தேனீக்களின் ஓயாத இரைச்சல். முதல் தேனை அப்பா மரியாதையாக வீட்டுக்காரரிடம் நீட்டினார். அவர் ஜைனர், தேன் எடுப்பதே உயிர்க்கொலை என்று நினைப்பவர்; பதறிப் பின்வாங்கினார்.

“தேன் எங்களுக்கு ஆவாதுப்பா. நீ இரு, பொட்டிய அனுப்பிடு.”

அப்பா பெட்டியை விடாமல் வீட்டையே காலி செய்தார்.

“பூச்சிய வுட்டிருந்தா கொல்லையாச்சும் மிஞ்சியிருக்கும்யா,” என்றாள் அம்மா வழியில்.

“பூச்சி இல்லாத கொல்லையில என்னாத்தடி காய்க்கும்?” என்றார் அப்பா.

போன இடத்தில் பறித்துத் தின்ன ஒரு செடிகூட இல்லை. மறுநாள் காலை நான் பள்ளிக்குப் போகாமல் சாயப்பட்டறையில் கூலிக்கு நூல் அலசப் போனேன்.