எட்டாத கால்

சந்தியில் சிவப்பு விளக்கு விழுந்தால் பிரேக்கைப் பிடிப்பவர் குணலட்சுமி ரீச்சர். காலை ஊன்றுபவர் பின்னால் இருக்கும் கணவர் சோமசேகரம். "இஞ்சாருங்கோ, கால்!" என்று ஒரு குரல் வரும். ஆறடி மனிதரின் கால்கள் இரண்டு பக்கமும் இறங்கும். நாலடி பத்து அங்குல ரீச்சர் முன்னால் கால் எட்டாமல் இருந்தபடி விளக்கை முறைத்துக்கொண்டிருப்பார். மானிப்பாயில் இதை இப்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ரீச்சரின் முதல் மோட்டார் சைக்கிள், அவருடைய அண்ணை கனடாவுக்குப் போனபோது விட்டுச் சென்ற சிடி நைன்ரி. பிறகு சேலையோடு பாடசாலைக்குப் போக ஒரு ஸ்கூட்டர். "உது ஓடேக்கை எனக்கு நித்திரை வருது" என்று அதை விற்றுவிட்டு நூற்றைம்பது சிசி ஒன்றை வாங்கினார். கழுவுவதும் செயினுக்கு எண்ணெய் விடுவதும் அவரேதான். "உவன் நல்லவன். ஆனா கிளிநொச்சி தாண்டினா மூச்சு வாங்குவான்."

ரீச்சர் போக நினைத்ததோ கிளிநொச்சிக்கு வெகு அப்பால். முப்பது வருடம் புவியியல் படிப்பித்தவர். "வடக்கிலை பருத்தித்துறை, தெற்கிலை தெய்வேந்திரமுனை எண்டு தடியாலை தொட்டுத் தொட்டுக் காட்டினன். மற்ற முனையைக் கண்ணாலை காணாமலே படிப்பிச்சுப் போட்டன். வெக்கமா இருக்கு."

வாகன இறக்குமதி நின்றிருந்த ஆண்டுகளில், தூரப் பயண மோட்டார் சைக்கிள் ஒன்றின் படம் அவருடைய தேசப்படப் புத்தகத்துக்குள் கிடந்தது. அவர் ஓய்வு பெற்றார், வண்டிகளும் வரத் தொடங்கின. சோமசேகரத்தின் முதுகுதான் ஒத்துழைக்கவில்லை. பட்டணம் வரை பின்னால் இருந்து போகலாம், அதற்குமேல் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். தெற்கு முனைக்கு ரீச்சர் தனியேதான் போகவேண்டும்.

மோட்டார் சைக்கிள் கடையில் விற்பனையைக் கவனிக்கும் சுபாஸ்கரன் அவரிடம் படித்தவன். அந்தப் படத்து வண்டியின் உயரத்தையும் ரீச்சரின் உயரத்தையும் மாறிமாறிப் பார்த்தான்.

"ரீச்சர், சீற்றிலை பஞ்சை வெட்டிக் குறைச்சுத் தரட்டோ?"

"பஞ்சை வெட்டினா வவுனியாவோடை என்ரை இடுப்பு முறிஞ்சிடும். ரெண்டு கால் என்னத்துக்கடா? ஒண்டு காணும்."

வண்டியை வாங்கினார். அடுத்த மூன்று வாரமும் விடிந்தால் கோயில் வெளிவீதியில் அதை நிறுத்துவதும் எடுப்பதும்தான். இடுப்பை ஒரு பக்கம் நகர்த்தி, இடது கால் விரல்களை மட்டும் ஊன்றப் பழகினார். ஐந்து தரம் வண்டியோடு சரிந்தார். தூக்கிவிட ஓடியவர்களில் அயல்வீட்டுக்காரனான நானும் ஒருவன்.

"அங்காலை நில்லுங்கோ! தம்புள்ளையிலை விழுந்தா ஆர் வந்து தூக்குவினம்?"

முதுகை வண்டிக்குக் கொடுத்து, காலால் உந்தி, உடம்பெல்லாம் செம்மண்ணோடு தானே நிமிர்த்தினார். எனக்குப் பார்க்கவே பயமாக இருந்தது. மதிலோடு நின்ற சோமசேகரம் தேவாரத்தை முணுமுணுத்தபடி இருந்தார்.

போன வெள்ளிக்கிழமை யாழ்ப்பாணத்தில், வைத்தியசாலை வீதியில், புது வண்டியில் வந்த அவர்களுக்குப் பக்கத்தில் என் சைக்கிள். முன்னால் பஸ், பின்னால் ஓட்டோ. சிவப்பு விழுந்தது. "கால்" என்ற குரல் வரவில்லை. பழக்க தோஷம், சோமசேகரத்தின் இரண்டு கால்களும் தாமாகவே இறங்கித் தாரைத் தொட்டுவிட்டன.

ரீச்சர் திரும்பவில்லை. கியரை நியூட்ரலுக்குத் தட்டினார். இடுப்பை நகர்த்தி, இடது கால் நுனியை ஊன்றினார். பிறகு இடது கையைப் பின்னால் கொண்டுபோய்க் கணவரின் முழங்காலில் இரண்டு தரம் தட்டினார்.

அவர் கால்களைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டார்.