விட்டுவிட்டு வந்த பிள்ளை

கண்டியில் நான் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த காலத்தில் சுற்றியிருந்த மலையெல்லாம் கோப்பித் தோட்டம். ஹந்தானை மலைப் பக்கத்தில் பூ விரியும் நாட்களில் அந்த வாசம் வகுப்பறைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். பிள்ளைகள் தலைவலி என்பார்கள். இன்று அந்த மலைகளில் ஒரு கோப்பிச் செடியைத் தேடிப் பிடிப்பதும் கஷ்டம்.

நான் யாழ்ப்பாணத்தில் பாதிரிமார் பள்ளியில் தமிழும் இங்கிலீசும் படித்து, பிழைப்புக்காகக் கண்டிக்கு வந்தவன். பகலில் பிள்ளைகளுக்கு இலக்கணம் சொல்லிக்கொடுப்பேன். பின்னேரங்களில் தோட்டத்துத் துரைமார் தமிழ் படிக்க வருவார்கள்; மொழி வாத்தியாரான என்னை முன்ஷி என்பார்கள். அவர்களுக்கு வேண்டியதெல்லாம் ஏவல் வினை மட்டுந்தான். வா, போ, எடு, வெட்டு, தூக்கு. எதிரே நிற்பவன் என்ன பதில் சொல்கிறான் என்பது அவர்களுக்குத் தேவைப்படவில்லை. ஒரு மழைக்காலம் முடிவதற்குள் போதும் என்று நின்றுவிடுவார்கள்.

ஒரு சின்னத்துரை மட்டும் அப்படியில்லை. ஹந்தானைக்கு மேலே ஒரு தோட்டத்தில் பெரியதுரைக்கு உதவியாக இருந்தவர். மெலிந்த தேகம், காய்ச்சலில் கிடந்து எழுந்தவர் போன்ற முகம். முதல் நாள், எந்தெந்தச் சொற்கள் வேண்டும் என்று வழக்கம்போலக் கேட்டேன்.

"சொற்கள் வேண்டாம், முன்ஷி," என்றார் இங்கிலீசில். "ஒரு தமிழ் வாக்கியம் எப்படிக் கட்டப்படுகிறது என்று சொல்லிக்கொடுங்கள். யார் செய்தார், யாருக்குச் செய்தார் என்பது எனக்கு விளங்க வேண்டும்."

அப்படிக் கேட்ட துரையை நான் அதுவரை கண்டதில்லை. சந்தோஷமாகத்தான் ஆரம்பித்தேன். பெயர், வினை, இடை, உரி. எழுவாய், பயனிலை, செயப்படுபொருள். 'மரம் விழுந்தது' என்பதில் தொடங்கி, 'காற்று மரத்தை விழுத்தியது' என்பதற்கு வந்தோம். 'ஐ' என்ற ஓரெழுத்து ஒட்டியவுடன், விழுந்த மரம் விழுத்தப்பட்ட மரமாகிவிடுவதைப் பார்த்து அவர் அந்த எழுத்தின் கீழே கோடு போட்டுக்கொண்டார். தமிழில் வினை கடைசியில் வருவதுதான் அவரை மிகவும் கஷ்டப்படுத்தியது. நான் நீளமாக ஒரு வாக்கியம் சொன்னால் கண்ணை மூடிக்கொள்வார். எல்லாச் சொற்களையும் ஏந்திக்கொண்டு கடைசிச் சொல்லுக்காகக் காத்திருப்பார்.

ஒரு பழக்கம் அவரிடம் இருந்தது. நான் பலகையில் எழுதத் திரும்பும்போதெல்லாம் அவர் உதடுகள் அசையும். மூச்சோடு மூச்சாக ஏதோ சொல்வார். திரும்பிப் பார்த்தால் நிறுத்திவிடுவார். ஜெபம் என்று நினைத்துக்கொண்டேன்.

பெயரெச்சத்துக்கு வந்த அன்று வெளியே தூறல். 'படித்த பிள்ளை' என்று எழுதி, அதன் கீழே 'படித்த ஏடு' என்று எழுதினேன். "இரண்டிலும் அதே 'படித்த' தான்," என்றேன். "ஆனால் பிள்ளை படிப்பது, ஏடு படிக்கப்படுவது. எச்சத்தைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. நாமேதான் அறிந்துகொள்ள வேண்டும்."

"அறிந்துகொள்ள முடியாத இடம் வந்தால்?"

யோசிக்காமல் 'அடித்த ஆள்' என்று எழுதினேன். "என்னை அடித்த ஆள் என்றும் வரும். நான் அடித்த ஆள் என்றும் வரும். பெயரெச்சம் இரண்டுக்கும் இடம் கொடுக்கும்."

பின்னால் கதிரை நகர்ந்தது. திரும்பினேன். அவர் எழுந்து நின்றிருந்தார். பிறகு, ஒரே மூச்சில், சொல்லுக்குச் சொல் இடைவெளி விடாமல் சொன்னார்:

"விட்டுட்டுவந்தபுள்ளதண்ணிகேக்கும்."

அவருடைய தமிழில் அல்ல. ஒரு பெண்ணின் இழுப்பு அதில் இருந்தது. 'கேக்கும்' என்ற இடத்தில் குரல் தேய்ந்து இறங்கியது. 

கதிரையில் உட்காரச் சொன்னேன். உட்கார்ந்து சொன்னார். இந்தத் தேசத்துக்கு வந்த புதிதில் மாத்தளையிலிருந்து கண்டிக்குத் தனியாகக் குதிரையில் வந்திருக்கிறார். அலவத்துகொடைக்கு இந்தப் பக்கம் பாதையோரம் ஒரு பெண் கிடந்தாள். இந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து வரும் கூட்டத்தில் வந்தவள். வாந்திபேதி கண்டதும் கூட்டம் அவளை விட்டுவிட்டுப் போயிருக்கிறது. குதிரையைக் கண்டதும் எழுந்து சேணத்து வாரைப் பிடித்துக்கொண்டாள். அவர் முகத்தைப் பார்த்து அந்த வாக்கியத்தைச் சொன்னாள். திரும்பவும் அதையே சொன்னாள்.

"எனக்கு அப்போது தமிழில் இரண்டு சொற்கள்தான் தெரியும்," என்றார். "அதில் ஒன்றைச் சொன்னேன்."

எந்தச் சொல் என்று நான் கேட்கவில்லை.

கொஞ்ச தூரம் போனபின் மனம் கேட்காமல், ஒரு கடையில் தண்ணீர் வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறார். அதற்குள் உயிர் போய்விட்டது. தோட்டத்துக் கங்காணியிடம் அந்த ஓசையைச் சொல்லிக் கேட்டாராம். "தண்ணி கேட்டுருக்குங்க தொரை, வேற ஒண்ணுமில்ல," என்றானாம் கங்காணி.

"அவள் சொன்னது அதைவிட நீளம், முன்ஷி. அது எனக்குத் தெரியும். யாரிடமாவது மறுபடி கேட்டால் அவர்களும் பாதியைத்தான் சொல்வார்கள். அதனால்தான் படிக்க வந்தேன். இன்றைக்குச் சொற்களெல்லாம் தனித்தனியாகப் பிரிந்துவிட்டன. விட்டுட்டு. வந்த. புள்ள. யார் யாரை விட்டுவிட்டு வந்தது?"

நான் வாக்கியத்தைப் பலகையில் எழுதினேன். எழுவாய் பிள்ளை, பயனிலை கேட்கும், செயப்படுபொருள் தண்ணீர். அதுவரை சிக்கல் இல்லை. மிஞ்சியது அந்தப் பெயரெச்சம். நான் விட்டுவிட்டு வந்த பிள்ளையா? அப்படியென்றால் ஊரில் விட்டுவந்த பிள்ளையாக இருக்கலாம், இதே பாதையில் எங்கோ பின்னால் விட்டுவந்த பிள்ளையாகவும் இருக்கலாம். அல்லது என்னை விட்டுவிட்டு வந்த பிள்ளையா? அப்படியென்றால் தாய் பிள்ளையைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"எது?" என்றார்.

"தெரியாது," என்றேன். இலக்கணத்தில் அப்படி ஒரு பதிலை நான் யாருக்கும் சொன்னதில்லை.

"'கேக்கும்' என்பது எந்தக் காலம்?"

"எதிர்காலம். வழக்கமாக நடப்பதற்கும் அப்படித்தான் சொல்வோம். இப்போது கேட்டுக்கொண்டிருக்கும் என்ற ஊகத்துக்கும் அதுவேதான்."

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு மழையிலேயே போய்விட்டார்.

அதன்பிறகு அந்த வாக்கியம் எனக்குத் தொற்றிக்கொண்டது. ஏரிக்கரையில் நடக்கும்போது காலடிக்கு ஒரு சொல்லாக வரும். பள்ளியில் பிள்ளைகள் ஒன்றாக வாய்ப்பாடு சொல்லும்போது அந்த இரைச்சலுக்கு அடியில் அதே இறங்குகுரல் கேட்கும். ஒரு மத்தியானம் எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்த மனைவி கையை நிறுத்தி, "ஆருக்குத் தண்ணி?" என்று கேட்டாள். நான் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன். விஷயத்தைச் சொன்னேன். அவள் அகப்பையைச் சட்டியிலே வைத்தாள்.

"இலக்கணம் பாத்துக்கொண்டு இருக்கிறியள் ரெண்டு பேரும்," என்றாள். "அந்தப் பாதையில போய் ஆரையும் கேட்டியளோ?"

சின்னத்துரைக்கு ஆள் அனுப்பினேன்; அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் மாத்தளைப் பாதையில் புறப்பட்டோம். அவர் குதிரையைக் கையில் பிடித்துக்கொண்டு என்னோடு நடந்தார். மலையடிவாரத்தில் பனி விலகவில்லை. எதிரே கூட்டங்கள் வந்துகொண்டிருந்தன, தலையில் மூட்டையும் தோளில் பிள்ளையுமாக. நாங்கள் ஒதுங்கி நின்று வழி விட்டோம். அவர் ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் பார்த்தார். அவர்கள் துரையைக் கண்டு தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அவள் கிடந்த இடம் என்று அவர் காட்டிய இடத்தில் பன்னைப் புதர்தான் மண்டியிருந்தது. அடக்கம் செய்த அடையாளம் ஒன்றும் இல்லை. கடைகளில் கேட்டோம். ஒருவருக்கும் ஞாபகமில்லை. கடைசியில் ஒருவர், அலவத்துகொடையில் பொதிமாடு வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் மனிதரின் வீட்டைச் சொன்னார். மாடுகளின் முதுகில் அரிசியும் உப்பும் ஏற்றி அந்தப் பாதையில் போய்வருகிறவர். பாதையில் நடப்பது அவருக்குத் தெரியாமல் இராது என்றார்.

வீட்டு முற்றத்தில் அவர் மாட்டுக்கு மருந்து தடவிக்கொண்டிருந்தார். துரையைக் கண்டு எழுந்தார். நான் விஷயத்தைச் சொல்லி, "இந்தப் பக்கம் தனிய நிண்ட பிள்ளை ஒண்டைக் கண்டனீங்களோ?" என்று கேட்டேன்.

"எந்தப் புள்ளயக் கேக்கிறீங்க, மாஸ்டர்?" என்றார். "இந்தப் பாதையில விட்டுட்டுப் போன புள்ளைகள் ஒண்டா ரெண்டா. நானும் தம்பிமாரும் அடக்கின எடமெல்லாம் மழையில கரஞ்சி போச்சி. கேட்டா எனக்கே காட்ட ஏலா."

சின்னத்துரை குதிரையின் கடிவாளத்தைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார். அந்த மனிதர் கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"உசிரோட கெடச்ச புள்ள ஒண்டு ஈக்கிது."

கதவுக்குப் பின்னாலிருந்து அவருடைய மனைவி, "ஏன் அதச் செல்றீங்க?" என்று அவரைச் சொல்லவிடாமல் தடுத்தாள்.

"கூட்டிட்டுப் போக வரல்ல இவங்க. நீ புள்ளய வரச் செல்லு."

ஐந்தாறு வயதிருக்கும். தலையில் முக்காடு போட்ட பெண்பிள்ளை. வந்து வீட்டுக்காரியின் பின்னால் நின்றுகொண்டு துரையின் சப்பாத்துக் காலைப் பார்த்தாள். சாமானோடு வீடு வந்து சேர்ந்த ஒரு நாள், கடைசி மாட்டின் பின்னால் அவள் நின்றதாக அந்த மனிதர் சொன்னார். எங்கிருந்து வந்தாள் என்று தெரியாது. மாட்டு மணிச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்திருக்கிறாள். பாதமெல்லாம் வெடித்திருந்ததாம். எப்போது என்று கேட்டேன். அவர் சொன்ன மழைக்காலம் சின்னத்துரை அந்தப் பெண்ணைக் கண்ட மழைக்காலந்தான். ஆனால் அந்த மழைக்காலத்தில் எத்தனையோ பேர் அந்தப் பாதையில் விழுந்திருக்கிறார்கள்.

நான் குந்தியிருந்து, "உங்கட உம்மா எங்க, பிள்ளை?" என்றேன்.

அவள் முன்னால் நின்ற பெண்ணின் சேலையைத் தொட்டுக் காட்டினாள்.

எப்படிக் கேட்பதென்று தெரியாமல், "அம்மா?" என்றேன்.

உம்மாவும் அம்மாவும் அவளுக்கு வேறுவேறு ஆட்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் முகம் மாறிவிட்டது. மெதுவாக, அந்த வீட்டாரின் பேச்சை விட்டு, வேறொரு பேச்சில் சொன்னாள்:

"இங்கயே இருன்னுச்சு. தண்ணி கொண்டாரேன்னுச்சு. நான் இருக்கல. மாட்டோட வந்துட்டேன்."

பிறகு, யாரோ அடிக்கப் போவதைப் போலக் கண்ணை இடுக்கிக்கொண்டு, "நாந்தான் அம்மாவ விட்டுட்டு வந்துட்டேன்," என்றாள்.

 நான் மொழிபெயர்க்க வாயெடுத்தேன். வேண்டியிருக்கவில்லை. சின்னத்துரைக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியிருந்தது. அவர் ஈர மண்ணில் முழங்காலை ஊன்றி அவளுக்கு முன்னால் உட்கார்ந்தார். கண்ணை மூடினார். சொற்களை ஒவ்வொன்றாக அடுக்குகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

"உன் அம்மா," என்றார். நிறுத்தினார். "உன்னை. தேடினா."

ஏவல் இல்லாமல் ஒரு தமிழருக்கு அவர் சொல்லிய முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். அந்த 'ஐ'யை அவர் அழுத்திச் சொன்னார்.

பிள்ளை அவரையே பார்த்தாள். "நான் கெடச்சேனா?" என்றாள்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.  வீட்டுக்காரிதான் அவளை இழுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டாள்.

"கெடச்சாய் மகள். இந்தா, எங்கட கையிலதானே ஈக்கிறாய்." எங்களைப் பார்த்து, "போதும். இனிக் கேக்காதீங்க," என்றாள்.

கண்டியை நோக்கித் திரும்பி நடந்தோம். அக்குறணை தாண்டியபின் நான் கேட்டேன். "பாதையில் கிடந்தவள்தான் தாய் என்று தெரியாது. தேடினாள் என்றும் தெரியாது. எப்படிச் சொன்னீர்கள்?"

"வேறு எதைச் சொல்லியிருக்கலாம், முன்ஷி?" என்றார்.



அவள் விழுந்து கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் அந்த வருஷமே அவர் ஒரு ஓலைக்கொட்டில் போட்டு, பானையில் தண்ணீர் வைக்க ஆள் ஏற்பாடு செய்தார். பெரியதுரைக்கு அது பிடிக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். பாடத்துக்கு மட்டும் அவர் பிறகு வரவில்லை. கோப்பி இலையில் மஞ்சள் பொட்டு விழுந்து தோட்டங்கள் ஒவ்வொன்றாகக் கருகத் தொடங்கிய காலத்தில் கப்பலேறிப் போய்விட்டார். போவதற்கு முன் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்று, நல்ல தமிழில், "நான் போயிட்டு வர்றேன்," என்றார். 'வர்றேன்' என்று சொல்வது எங்கள் வழக்கம் என்பதற்காகச் சொன்னாரா, திரும்பி வரும் எண்ணம் இருந்ததா என்று தெரியவில்லை. வரவில்லை.

பெயரெச்சம் கற்பிக்கும் நாட்களில் 'படித்த ஏடு' என்பதோடு நான் நிறுத்திக்கொள்வேன். அதற்கு மேல் கேட்கும் பிள்ளைகளும் இருந்தார்கள். மேல் வகுப்பில் சொல்வார்கள் என்பேன். மேல் வகுப்புக்கும் நான்தான் வாத்தியார்.

பல வருஷங்களுக்குப் பின், பெரஹரா ஊர்வலம் பார்க்கக் கூட்டம் நெருக்கியடித்த ஒரு பின்னேரம், கண்டிக் கடைவீதியில் அந்தப் பொதிமாட்டுக்கார மனிதரைக் கண்டேன். தாடி வெளுத்திருந்தது. என்னை அடையாளம் கண்டு ஸலாம் சொன்னார். பின்னால் முக்காடிட்ட ஓர் இளம்பெண் நின்றாள். "மகள்," என்றார். "மருமகன் முன்னால போறாரு." மாட்டு மணியின் பின்னால் வந்தவள்தான்; என்னை அவள் அறியவில்லை. அவளுடைய கையில் நடக்கப் பழகிய ஒரு பிள்ளை. தன் முந்தானை நுனியைப் பிள்ளையின் மணிக்கட்டில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு முடிச்சு போட்டாள், இழுத்துப் பார்த்தாள், அதன்மேல் இன்னொன்று போட்டாள். பிள்ளை கை வலிக்கிறதென்று சிணுங்கியது. அவள் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. முடிச்சை இழுத்துப் பார்த்துக்கொண்டே கூட்டத்துக்குள் இறங்கினாள்.