நீலச்சிறகிகள் இறங்கிய ஏரி

ஜெபராணி ஆரணியில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். ஐம்பத்து மூன்று வயது; கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பதினாறு வருடமாக, ஐப்பசி பிறந்தால் சனிக்கிழமை விடியலில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு களம்பூர்ப் பக்கம் ஒரு ஏரிக்குப் போய்விடுவாள். வடநாட்டுப் பனிக்கு அஞ்சி வரும் வாத்துகள் அங்கே இறங்கும். கரையில் உட்கார்ந்து பைனாகுலரில் எண்ணுவாள். பள்ளியில் யாரிடமும் சொன்னதில்லை. சிரிப்பார்களோ என்று பயம்.

இந்த ஆண்டு சொல்லிவிட்டாள். மழை முன்னதாகவே பெய்து ஏரி நிறைந்திருந்தது. முந்நூறுக்கு மேல் நீலச்சிறகி வாத்துகள். அதற்கு முன் அவள் நாற்பதைத் தாண்டிப் பார்த்ததில்லை. சந்தோஷம் தாங்காமல் படம் எடுத்து, ஏரியின் பெயரோடு பள்ளி வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். யாரோ அதை வேறு குழுக்களுக்கும் அனுப்பினார்கள்.

அடுத்த சனிக்கிழமை தண்ணீர் வெறுமனே கிடந்தது. பக்கத்து நிலத்தில் நெல் பயிரிடும் அன்புச்செல்வன் கரையில் நின்றிருந்தான்.

"வியாழக்கிழமை ரெண்டு பைக்ல நாலு பேரு வந்தானுங்க டீச்சர். போன்ல ஒரு போட்டோவக் காட்டி, இந்த ஏரிதானான்னு கேட்டானுங்க. படம் புடிக்கிறவங்கன்னு நெனச்சு ஆமான்னுட்டேன். விடிஞ்சு வந்து பாத்தா வலைய சுருட்டிகினு இருக்கானுங்க. ரெண்டு மூட்டை. நான் கத்திகினு ஓடியாறதுக்குள்ள கெளம்பிட்டானுங்க."

"போட்டோல என்ன இருந்திச்சி அன்பு?"

"அதோ, சாஞ்ச கருவேல மரம். அது பின்னால கூட்டமா வாத்துங்க."

ஜெபராணி அந்த மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதை முன்னால் வைத்துத்தான் அவள் படம் எடுத்திருந்தாள்.

கோரைப் புதருக்குள் அவர்கள் விட்டுப்போன ஒரு வலை இன்னும் இருந்தது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அன்புச்செல்வனோடு அவளும் முழங்கால் தண்ணீரில் இறங்கினாள். மூன்று பறவைகள் செத்துத் தொங்கின. ஒன்றுக்கு உயிர் இருந்தது. அன்புச்செல்வன் அரிவாளால் வலையின் நைலான் நரம்பை அறுத்து எடுத்துக் கொடுத்தான். அவள் உள்ளங்கையில் அதன் நெஞ்சு படபடவென்று அடித்தது. ஒரு சிறகு முறிந்து தொங்கியது. அட்டைப்பெட்டியில் வைத்து மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். டாக்டர் கட்டுப்போட்டுக்கொண்டிருக்கும்போதே அது கழுத்தைச் சாய்த்துவிட்டது.

அங்கிருந்து நேராக வனத்துறை அலுவலகத்துக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தாள்.

"அந்தப் படத்த யாரும்மா போட்டது?" என்றார் அங்கிருந்தவர்.

"நான்தாங்க."

அவர் பேனாவை நிறுத்தினார். "நீங்க நல்ல மனசுலதான போட்டீங்க."

அவள் தாளைத் தன் பக்கம் இழுத்தாள். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். பிடிபட்டவர்கள் யாருமில்லை.

தை முடியும்வரை ஒரு சனிக்கிழமையும் விடாமல் போனாள். நாமக்கோழிகளும் கொக்குகளும் திரும்பி வந்தன. நீலச்சிறகி ஒன்றுகூட இறங்கவில்லை.

ஒருநாள் ஆசிரியர் அறையில் சாவித்திரி டீச்சர் கேட்டாள். "என்னாங்க, அப்புறம் வாத்து போட்டோவே காணோம்? ஏரிக்குப் போறதில்லயா?"

"இல்லைங்க, விட்டுட்டேன்" என்று பொய் சொல்லிவிட்டு, ஜெபராணி சாக்பீஸை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனாள்.