பேயின் பெயர்

லிந்துலைக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்துக்குச் செய்தி சேகரிக்கப் போனபோது, கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் வாசலில் அந்தப் பெண்ணைச் சந்தித்தேன். ஒடிசலான உடம்பு. நெற்றியில் கூடைக் கயிறு பதித்த தழும்பு. பேச்சின் நடுவே அந்தக் கயிற்றை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"ஏம்மா அப்படி இழுக்கிறீங்க?"

"இழுத்தா நெத்தி வலிக்குங்க. வலிச்சாத்தான் நான் திரும்பி வந்துட்டேன்னு தெரியும்."

கொழுந்து பறிப்பதை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை மலைக்கு வந்தால் அவள் தன்னை விட்டே போய்விடுவாள். கை கொழுந்து பறித்துக்கொண்டே இருக்கும். கூப்பிட்டால் பதில் வராது. பிறகு எதுவும் நினைவிருக்காது. தோட்டத்து டாக்டர் நடிப்பு என்றார். தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் இருந்தவர்கள் பேய் என்று, பேயோட்டும் கோடாங்கியை அழைத்தார்கள். அவர் பிரம்பால் விளாசிப் பேயின் பெயரைக் கேட்டிருக்கிறார்.

"என்ன பேர் சொன்னீங்க?"

"ஞாபகமில்லைங்க. கணக்கப்பிள்ளை ஐயா பேரைச் சொன்னேனாம்."

பக்கத்தில் நின்ற கணவன் சீறினான்: "உசிரோட இருக்கிற மனுசன் எப்படிடி பேயாவான்? ஒன்னால இப்ப தோட்டத்தை விட்டே போகச் சொல்றாங்க!"

லயம் முழுவதும் அந்தப் பெயரைக் கேட்டிருக்கிறது. அந்த ஆள் என்ன செய்தான் என்று ஒருவரும் கேட்கவில்லை. பேய் பொய் சொல்கிறதென்று மறுபடி அடித்திருக்கிறார்கள்.

அப்போது கணக்கப்பிள்ளை பாதையேறி வந்தார். "என்னங்க, பேய்க்கதை கேக்குறீங்களா?" என்று சிரித்தார்.

கயிற்றிலிருந்து அவள் கை நழுவியது. கூப்பிட்டேன்; பதில் இல்லை. செடியே இல்லாத அந்த வாசலில் அவள் விரல்கள் கொழுந்து பறிக்கத் தொடங்கின.