காக்கை தலையில் அடித்தால் செய்ய வேண்டியது

திருப்பதியில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் மனிதர்களைவிடக் காக்கைகள் அதிகம். எண்ணிப் பார்த்ததில்லை. சத்தத்தை வைத்துச் சொல்கிறேன். வீட்டுக்கு எதிரே பெரிய புங்கமரம், மரத்தடியில் கோழிக்கடை. கடைக்காரர் குடலையும் தோலையும் ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் போட்டு வைப்பார். டிரம்முக்கு மூடி உண்டு. அதைப் போட்டு யாரும் பார்த்ததில்லை. அதனால் காக்கைகள் வேறு தெருவுக்குப் போக வேண்டிய அவசியமே வரவில்லை.

விடிவதற்கு முன்பே ஆரம்பித்துவிடும். ஒன்று கத்தும், இன்னொன்று பதில் சொல்லும், பிறகு எல்லாம் சேர்ந்து யாரையோ திட்டும். என் மகன் சித்தூரில் வேலை செய்கிறான். காலையில் கிளம்பும் முன் ஆபீஸுக்கு ஃபோன் பேசினால், "இன்னா சார், தெனமும் கருமாதி வூட்லயே கீறீங்க?" என்று அந்தப் பக்கத்தில் கேட்கிறார்களாம்.

இங்கே வந்த பிறகு மகனும் மருமகளும் கத்திப் பேசப் பழகிக்கொண்டார்கள். எனக்கு வரவில்லை. என் குரல் எப்போதுமே சின்னது. நாலு பேர் நடுவில் வாய் திறக்க வேண்டும் என்றால் உள்ளங்கை வேர்த்துவிடும். கல்யாண வீடுகளில் சமையல் பக்கம் போய் வெங்காயம் உரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். அப்படிப்பட்டவளுக்குக் காக்கைச் சத்தம் ஒரு வகையில் வசதி. யாராவது ஏதாவது கேட்டால் காதில் விழாத மாதிரி இருந்துவிடலாம்.

அந்த வசதி ஒரு சித்திரை மாதத்தில் போய்விட்டது. மொட்டைமாடியில் துணி காயப்போடப் போனேன். தண்ணீர் டாங்கின் நிழலில் ஒரு காக்கைக்குஞ்சு விழுந்து கிடந்தது. உடம்பில் பாதி வாய்தான். பூனை நடமாடுகிற இடம். முறத்தில் ஏந்தி டாங்கின் மேல் வைத்தேன். நான் செய்தது அவ்வளவுதான். காக்கைகள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டன.

அன்றிலிருந்து நான் வெளியே தலை காட்டினால் தெருவுக்கே தெரிந்துவிடும். தண்டோரா போட ஆள் வைத்தது மாதிரி தலைக்கு மேல் ஒரு கூட்டம் கத்திக்கொண்டே கூட வரும். கோழிக்கடைக்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "பால் வாங்க வந்துட்டியாம்மா?" என்பார். நான் எங்கே போகிறேன், எப்போது திரும்பி வருகிறேன் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம் ஆகிவிட்டது.

"பொடவைய மாத்திகினு போங்க அத்தை. அதுங்களுக்கு அடையாளம் தெரியாது" என்றாள் மருமகள். மாற்றிப் பார்த்தேன். தெரிந்தது. முக்காடு போட்டுக்கொண்டு போனேன். அன்றைக்குக் காக்கைகளோடு நாய்களும் சேர்ந்துகொண்டன.

பிறகு ஒரு சனிக்கிழமை, மாடியில் துணி உதறிக்கொண்டிருந்தபோது, ஒரு காக்கை நேராக வந்து உச்சந்தலையில் அடித்துவிட்டுப் போயிற்று. வலி ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்கார அம்மாள் அந்த நேரம் பார்த்து வடாம் காயப்போட மாடிக்கு வந்திருந்தார். தெலுங்குக்காரர். நன்றாகத் தமிழும் பேசுவார். பயந்தால் மட்டும் தெலுங்குதான் வரும்.

"அம்மம்மா! காகி தன்னிந்தி! சனிவாரம் பூட்ட காகி தன்னிந்தி!" என்று தட்டைக் கீழே போட்டுவிட்டார். காக்கை உதைத்துவிட்டதாம், அதுவும் சனிக்கிழமையில்.

காக்கை தலையில் அடித்தால் சாவுக்குக் குறி என்பார்கள். எங்கள் புத்தூர்ப் பக்கமும் அந்தப் பேச்சு உண்டு. அதற்குப் பரிகாரமும் உண்டு. அடிபட்டவர் செத்துப்போய்விட்டதாக நெருங்கின சொந்தத்துக்குப் பொய்ச் சேதி அனுப்ப வேண்டும். அவர்கள் நம்பி அழுதுவிட்டால், அந்த அழுகையோடு கண்டம் கழிந்துவிடும். பிறகு உண்மையைச் சொல்லி, வாங்குகிற திட்டை வாங்கிக்கொள்ள வேண்டியது.

மருமகளுக்கு இதில் நம்பிக்கை இல்லை. "இருந்தாலும் செஞ்சிடலாம் அத்தை. ஒரு ஃபோனு, அவ்ளோதானே?" என்றாள். மகனைக் கேட்டோம். அவன் சிரித்துவிட்டு, வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் போட வேண்டாம் என்றான்.

யாருக்குச் சொல்வது என்று உட்கார்ந்து யோசித்தோம். என் புருஷனும் போய்விட்டார், அண்ணனும் போய்விட்டான். அண்ணன் பிள்ளைகளுக்குச் சொன்னால் அழமாட்டார்கள், என் ஃபோட்டோவை ஸ்டேட்டஸில் வைப்பார்கள். மறுநாள் ஊரே கிளம்பி வந்துவிடும். கடைசியில் மிஞ்சினவள் புத்தூரில் இருக்கும் என் தங்கை ஒருத்திதான்.

அவள் அழுகிற ஜாதி இல்லை. எங்கள் அம்மா செத்த அன்று எல்லோரும் மாரடித்துக்கொண்டிருந்தபோது அவள் வந்தவர்களுக்கு அரிசி அளந்துகொண்டிருந்தாள். எனக்குச் சாவைப் பற்றிப் பெரிய பயம் இல்லை. எனக்கென்று அழ ஒருத்திதான் மிச்சம், அவளும் அழாவிட்டால் என்ன செய்வது என்பதுதான் பயம். வேண்டாம் என்று சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் மருமகள் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள். வீட்டுக்கார அம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"சின்னத்தை, அத்தை பூட்டாங்க."

"எங்க பூட்டா? அவ எங்கியும் போவ மாட்டாளே."

"செத்துட்டாங்க சின்னத்தை."

இந்தப் பக்கம் காக்கைகள்தான் கத்தின.

"எப்போ?"

"காத்தால."

"எதனா துன்னாளா?"

"இட்லி துன்னாங்க."

"எத்தினி?"

மருமகள் என்னைப் பார்த்தாள். நான் இரண்டு விரலைக் காட்டினேன்.

"ரெண்டு."

"ரெண்டுதானா? கூட ஒண்ணு வெச்சிருக்கக் கூடாதா? சரி, நான் வர்ற வரிக்கும் எடுத்துடாதீங்க." ஃபோனை வைத்துவிட்டாள்.

"ஏட்சிந்தா?" என்றார் வீட்டுக்கார அம்மாள். அழுதாளா என்று கேட்கிறார். மருமகள் இல்லை என்று தலையாட்டினாள். அப்படியென்றால் செல்லாது என்று சொல்லிவிட்டு அவர் கீழே போனார்.

நான் உள்ளே போய்க் கழுவின பாத்திரங்களையே மறுபடி கழுவினேன்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று மருமகள் திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, தங்கை எடுக்கவில்லை. வருகிறவளுக்காவது சாப்பாடு வேண்டுமே என்று உலை வைத்தோம்.

மத்தியானம் துணி எடுக்க மாடிக்குப் போனேன். காக்கைகள் வழக்கம்போலக் கூட்டம் சேர்த்தன. கீழே ஷேர் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. தங்கை இறங்கினாள். ஒரு கையில் பை, இன்னொரு கையில் வாழையிலையில் சுற்றிய பெரிய ரோஜா மாலை. இத்தனை சத்தம் எங்கிருந்து வருகிறது என்று நிமிர்ந்து பார்த்தாள். நான் கைப்பிடிச் சுவரோரம் தலையணை உறையோடு நின்றுகொண்டிருந்தேன்.



"யக்கா! செத்தவ மாடி மேல இன்னா பண்ணிகினு கீற?"

அவள் குரல் என் குரல் மாதிரி இல்லை. கோழிக்கடைக்காரர் கத்தியை வைத்துவிட்டு வெளியே வந்தார். அன்றைக்குத்தான் அவர் முதல்முதலாக என்னை நிமிர்ந்து பார்த்தார் என்று நினைக்கிறேன்.

மேலே வந்தவளிடம் மருமகள் எல்லாவற்றையும் சொன்னாள். தங்கை மாலையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அதுக்கு நான்தான் கெடச்சனா?"

"நீங்கதானே சின்னத்தை அழுவீங்க..."

"நானா? நான் எதுக்கு அழுவறேன்? வயசானவ, நல்லா துன்னுட்டுப் போனா, அதுக்கு அழுவாங்களா? காக்கா அடிச்சா காக்காவப் போய்க் கேளுங்க. என்னை எதுக்குடி இஸ்த்து வுடறீங்க?"

சத்தம் கேட்டு மேலே வந்த வீட்டுக்கார அம்மாள் மெதுவாக, "ஏட்சாவா அம்மா?" என்று கேட்டார்.

"நேனெந்துக்கு ஏட்சேதி!" என்றாள் தங்கை. நான் எதற்கு அழ வேண்டும் என்று அவர் பாஷையிலேயே கொடுத்தாள். வீட்டுக்கார அம்மாள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். சனீஸ்வரனுக்கு எள் விளக்காவது ஏற்றிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

சோறு போட்டேன். தங்கை திட்டிக்கொண்டே சாப்பிட்டாள். என்னைத் திட்டி முடித்து, மருமகளைத் திட்டி முடித்து, பஸ்ஸில் வந்த கதைக்கு வந்தாள்.

"பொம்பளைங்களுக்கு டிக்கெட்டு காசு இல்லன்னுட்டு ஆதார் கார்டு கேக்கறான் கண்டக்டரு. பையில தேடறேன், கெடைக்கல. கார்டு கையிலதான் கீது, எனக்குத்தான் கண்ணு தெரியல. பக்கத்துல ஒரு பொண்ணு, பாவம், அவளே வாங்கிக் காட்டினா. மூஞ்சத் தொடச்சிக்கோ ஆயான்னு கர்ச்சீப்பு வேற குடுத்தா. ரேணிகுண்டா தாண்டறவரிக்கும் முதுகத் தடவிகினே வந்தா. பாரு, அதத் திருப்பிக் குடுக்கவே மறந்து பூட்டேன்."

இடுப்பிலிருந்து எடுத்துக் காட்டினாள். பூப்போட்ட சின்னக் கைக்குட்டை. பிழிந்தால் சொட்டும்போல இருந்தது.

"வேர்வ" என்றாள்.

தங்கைக்குப் போன வருஷம்தான் இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் ஆயிற்று. அரிசியில் கல் பொறுக்கக் கண்ணாடி வேண்டாம். நான் இன்னொரு கரண்டி சோறு வைத்தேன். வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டாள். வீட்டுக்கார அம்மாளிடம் கைக்குட்டையைப் பற்றி நான் சொல்லவில்லை. அவர் திருப்திக்கு எள் விளக்கு ஏற்றினோம்.

சாவுக்கு வாங்கின மாலை சாமிக்கு ஆகாது. அதனால் அது வாசல் மூலையில் கிடந்து வாடியது. பையில் ஒரு புடவை இருந்தது. செத்துப்போன பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து போடுகிற கோடிப் புடவை. பச்சை நிறம், நல்ல ஜரிகை. இவ்வளவு நல்ல புடவை அவள் எனக்கு எடுத்ததே இல்லை.

"கட்டிக்கோ. உசுரோட கட்டினா அது சாதா பொடவதான்" என்றாள்.

சாயங்காலம் பஸ் ஏற்றிவிடப் போனேன். தெரு முனைவரைக்கும் காக்கைகள் எங்கள் தலைக்கு மேலேயே வந்தன. தங்கை நின்று, "உங்களால எனக்கு ஒரு நாள் கூலி பூட்சி" என்று அவற்றையும் திட்டினாள். அவை இன்னும் கூடுதலாகக் கத்தின.

பஸ்ஸில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்த பிறகு என்னைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

"யக்கா, நெஜமா செத்தா ரெண்டு தடவ ஃபோன் பண்ணச் சொல்லு. ஒரு தடவ பண்ணா நம்ப மாட்டேன்."

சரி என்றேன். வீட்டுக்கு வந்ததும் மருமகளிடம் சொல்லி வைத்தேன்.