பக்குவம் மேனேஜர்

அந்தச் சலவைக்கூடத்தில் மேனேஜருக்குப் பட்டப்பெயர் 'பக்குவம்'. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. காரணம் இல்லாமல் வந்த பட்டமில்லை. ஒருவருக்கு லீவு கிடையாது என்று அவர் சொன்னால், கேட்டவர் நன்றி சொல்லிவிட்டுப் போவார். ஒரு தடவை வேன் டிரைவரை வேலையை விட்டு அனுப்பச் சொன்னார்கள். இவர் அதை எவ்வளவு இதமாகச் சொன்னார் என்றால், அந்த மனிதர் மறுநாள் காலை வழக்கம்போல வந்து வேன் சாவியைக் கேட்டார். முதல் நாள் நடந்ததைப் பாராட்டு என்று நினைத்து வீட்டில் சொல்லிச் சந்தோஷப்பட்டிருக்கிறார்.

இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிக் கூடமே சிரிக்கும். மேனேஜரும் சேர்ந்து சிரிப்பார். அந்த டிரைவருக்குச் சிரிப்பு வந்ததா என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

எல்லாப் பழியையும் அவர் தலையில் கட்டுவதும் நியாயமில்லை. கூடத்தின் முதலாளியம்மா நல்லவர்தான், ஆனால் எதிரே ஒருவர் முகம் வாடினால் அவரால் தாங்க முடியாது. கணவர் இறந்த பிறகு தொழிலைக் கையில் எடுத்தவர், நல்ல செய்தியைத் தானே மாடிப்படி இறங்கி வந்து சொல்வார். கெட்ட செய்தி என்றால் மேனேஜரை மாடிக்குக் கூப்பிடுவார். "என் வாயால வேண்டாமே. நீங்க பக்குவமா சொல்லிருங்க." பதினாறு வருஷமாக இந்த ஏற்பாடு. இனிப்பெல்லாம் மாடிக்கு, கசப்பெல்லாம் இவருக்கு.

கசப்பைக் கொடுக்க அவர் ஒரு வழி வைத்திருந்தார். எதிர்க்கடையிலிருந்து இரண்டு பேப்பர் கப்பில் டீ வாங்குவார். சம்பந்தப்பட்டவரைக் கூப்பிட்டு மாடிப்படிக்குக் கீழே இருக்கும் பெஞ்சில் உட்கார வைப்பார். பிள்ளைகள் படிப்பு, வீட்டு வாடகை, கால்வலி எல்லாம் விசாரித்து, டீ ஆறும் நேரத்தில் விஷயத்துக்கு வருவார். இது எல்லாருக்கும் அத்துப்படி ஆகிவிட்டது. அவர் கையில் இரண்டு கப்பைப் பார்த்தால் கூடம் அடங்கிவிடும். "இன்னிக்கு யாருக்குப்பா டீ?" என்று துணி பிரிக்கிறவர்கள் முணுமுணுப்பார்கள். டீ வராத நாள் நல்ல நாள்.

அந்த மாதம் ஐந்தாம் தேதி முதலாளியம்மா அவரை மாடிக்குக் கூப்பிட்டார். காலம் சரியில்லை என்றார், தொழில் முன்னே மாதிரி இல்லை என்றார், எல்லாம் நன்மைக்குத்தான் என்றார். அரை மணி நேரம் வழவழா கொழகொழா என்று போன பேச்சில் மேனேஜர் பொறுக்கி எடுத்தது இவ்வளவுதான்: பெரிய ஆஸ்பத்திரி சொந்தமாகச் சலவைக்கூடம் கட்டி முடித்துவிட்டது. முப்பதாம் தேதிக்குப் பிறகு அவர்கள் படுக்கை விரிப்பு வராது. மிச்சமிருக்கும் வாடிக்கைக்காரர்கள் துண்டு மட்டும் சலவைக்குப் போடுகிறவர்கள், துண்டுக்கு இஸ்திரி வேண்டாம். ஆகவே இஸ்திரி உருளையை நிறுத்திவிட்டு, அதில் இருக்கும் நான்கு பெண்களையும் அனுப்பப் போகிறார்கள்.

"இருபத்தஞ்சாம் தேதி வரைக்கும் மூச்சு விடாதீங்க" என்றார் முதலாளியம்மா. கண் கலங்கியிருந்தது. "இப்பவே தெரிஞ்சா நாளைக்கே நின்னுடுவாங்க. ஆஸ்பத்திரிக்கு மாசக்கடைசி வரைக்கும் விரிப்பு போகணும். உங்களுக்கு ஒண்ணும் இல்ல, நீங்க இருப்பீங்க."

"சரிங்கம்மா" என்று சொல்லிவிட்டு இறங்கினார். வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்பது மூன்றாவது படியிலேயே தோன்றியது. திரும்பி ஏறவில்லை.

அந்த நான்கு பேரில் மூத்தவளை எல்லாரும் உருளையக்கா என்பார்கள். உருளை என்பது ஆள் நீளத்துக்குப் படுத்துக் கிடக்கும் இரும்பு. உள்ளே நீராவி. ஈர விரிப்பின் இரண்டு முனையை இரண்டு பேர் பிடித்து இந்தப் பக்கம் கொடுத்தால், அந்தப் பக்கம் காகிதம் மாதிரி வந்து விழும். அதை இன்னும் இரண்டு பேர் மடிப்பார்கள். உருளையக்காவின் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பதினோரு வருஷச் சூட்டுத் தழும்பு. அவள் கொடுத்த விரிப்பில் சுருக்கம் இருந்ததாக ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு புகார்கூட வந்ததில்லை.

ஒன்பதாம் தேதி அவள் மேனேஜரிடம் வந்தாள்.

"அண்ணா, ஒரு விஷயம். பெரிய ஓட்டல்ல இருந்து கூப்பிட்டிருக்காங்க. அவங்க லாண்டரிக்கு ஆள் வேணுமாம். வேன்ல கூட்டிட்டுப் போய்க் கொண்டு விடுவாங்களாம். எங்க வீட்டுக்காரர் போ போன்னு உயிரை எடுக்கறார். வியாழக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். எனக்கு இந்த இடத்தை விட்டுப் போக மனசே இல்ல. நீங்க சொல்லுங்க, இங்க நம்பி இருக்கலாமா?"

இதைவிட நேரான கேள்வி உலகத்தில் கிடையாது. கூடாதும்மா என்று ஒரு சொல் போதும். மேனேஜர் மென்று முழுங்கினார். "உன் கைக்கு எங்க போனாலும் வேலைம்மா. வந்த வாய்ப்பையும் ஒரு பக்கம் யோசிச்சுப் பாரேன்" என்றார். ரகசியத்தையும் காப்பாற்றி, அவளுக்கும் குறிப்புக் காட்டிவிட்டோம் என்று ஒரு திருப்தி வேறு. அவளோ தன் கையைப் புகழ்ந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு சிரித்தபடி போனாள்.

வீட்டில் மனைவியிடம் சொன்னார். முழுவதையும் சொல்லி முடிக்க இரண்டு தோசை ஆகும் நேரம் ஆனது. மனைவி அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"அவகிட்ட சொல்லித் தொலைங்க."

"முதலாளியம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கேனே."

"அந்தம்மா எங்க போகப் போறாங்க? போறது அவ பொழப்பு. உங்களுக்கு என்ன பயம், அவ அழுவான்னா?"

ஆமாம், அதுதான் பயம். மாடியில் இருப்பவருக்கும் தனக்கும் இந்த விஷயத்தில் வித்தியாசமே இல்லை என்பது அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது. பதினாறு வருஷமாக அதைச் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை காலை சொல்லிவிடுவது என்று தீர்மானித்துத்தான் கூடத்துக்குப் போனார். டீ, பெஞ்சு, விசாரிப்பு ஒன்றும் வேண்டாம், அதெல்லாம் ஆரம்பித்தால் மறுபடி வழுக்கிவிடும் என்று நேரே உருளைக்கே போனார். நீராவி இரைச்சலில் குரலை உயர்த்த வேண்டியிருந்தது.

"அந்த ஓட்டல் வேலைக்குப் போயிரும்மா. இன்னிக்கே சொல்லிரு."

உருளையக்கா விரிப்பின் முனையைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். எதிரே நின்றவளிடம், "கேட்டியா, அண்ணா என்னைத் துரத்தறார்" என்றாள்.

"விளையாடலைம்மா. போயிரு."

"அட போங்கண்ணா. டீ வாங்கிக் குடுக்காம நீங்க யாரையாவது அனுப்பியிருக்கீங்களா? எனக்குத் தெரியாதா உங்களை? நான் நல்லா இருக்கணும்னு சொல்றீங்க. எங்க வீட்டுக்காரர் உங்களைப் பிடிச்சுப் பேசச் சொன்னாரா?"

மடிக்கிறவர்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள். 'இதை மூடப் போறாங்க' என்ற வரி மேனேஜரின் வாய் வரை வந்து நின்றது. நான்கு பேரும் கேட்கும் தூரத்தில் இருந்தார்கள். சொன்னால் நான்கு பேருக்கும் தெரியும், சாயங்காலத்துக்குள் கூடம் முழுக்கத் தெரியும், மாடிக்கும் போகும். வாயைத் திறந்தார். வந்தது, "உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்." யாருக்கு எந்தக் கெட்டதைச் சொன்னாலும் அவர் கடைசியில் வைக்கும் வரி அது. அதற்கு அர்த்தம் தேய்ந்துபோய்ப் பல வருஷம் ஆகியிருந்தது.

"என் நல்லது இங்கதான் இருக்கு" என்றாள் அவள். ஈரக் கையைப் புடவையில் துடைத்து, இடுப்பிலிருந்து போனை எடுத்து, அவர் முன்னாலேயே ஓட்டலுக்குப் போட்டாள். "மேடம், நான் வரலை மேடம். இல்ல இல்ல, சம்பளத்துக்காக இல்ல. இங்க எங்க மேனேஜர் எங்களைக் குடும்பம் மாதிரி பாத்துக்கறார்."

மேனேஜர் கையை நீட்டினார். "ஒரு நிமிஷம்" என்றார். அது இரைச்சலில் போயிற்று. அவள் போனை இடுப்பில் செருகிக்கொண்டு அடுத்த விரிப்பை உதறினாள். இவர் அங்கேயே நின்று கையைப் பிசைந்தார். பார்ப்பவர்களுக்கு அவர் ஏதோ சூடு பட்டுக்கொண்டது போல இருந்திருக்கும்.

மதியம் அவரே தெருமுனைக்குப் போய் ஓட்டலுக்குப் போன் செய்தார். காலையில் மறுத்த பெண்ணின் மனசு மாறிவிடும், இரண்டு நாள் பொறுக்க முடியுமா என்று கேட்டார். எதிர்முனை மேடத்துக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது போலிருக்கிறது. "வேற ஆள் எடுத்தாச்சு" என்று வைத்துவிட்டார். மூன்றே சொல். கேட்கக் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் சந்தேகமில்லாமல் புரிந்தது.

அப்போதாவது அவளிடம் சொல்லியிருக்கலாம். வேறு இடம் தேட இரண்டு வாரமாவது கிடைத்திருக்கும். சொல்லவில்லை. தினமும் உருளைப் பக்கம் போவார், "எல்லாம் சரியா?" என்பார், "சரிண்ணா" என்பாள், வந்துவிடுவார். இதற்கு ஒரு சமாதானமும் கிடையாது. பயந்தார், அவ்வளவுதான்.

இருபத்தைந்தாம் தேதி வந்தது. முதலாளியம்மா காலையிலேயே காரில் எங்கோ கிளம்பினார். கண்ணாடியை இறக்கி, "பாத்துச் சொல்லுங்க" என்றார். மேனேஜர் உருளையை நிறுத்தச் சொன்னார். நான்கு பேரும் வந்து நின்றார்கள்.

"இந்த உருளையை நிறுத்தப் போறாங்க. ஆஸ்பத்திரி இனிமே துணி தராது. முப்பதாம் தேதி உங்களுக்குக் கடைசி நாள். எனக்கு இது மூணு வாரமா தெரியும்."

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கெட்ட செய்தியை நாலே வாக்கியத்தில் சொல்லி முடித்திருந்தார். அது இவ்வளவு சுலபம் என்பதே அவருக்கு அவமானமாக இருந்தது. மற்ற மூன்று பேரில் ஒருத்தி சத்தம் போட்டாள், ஒருத்தி சுவரில் சாய்ந்து அழுதாள், இன்னொருத்தி மாடியைப் பார்த்துத் திட்டினாள். உருளையக்கா மட்டும் அங்கேயே நின்றாள். மற்றவர்கள் முதலாளியம்மாவைத் தேடி வெளியே போனபின் அவரிடம் கேட்டாள்.

"நான் அன்னிக்குப் போன்ல பேசறப்போ உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்மா."

அவள் இன்னும் சூடு ஆறாத உருளையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. இத்தனை நாள் எதற்குப் பயந்தாரோ அது நடக்கவே இல்லை.

"எங்க வீட்டுக்காரர் அன்னிக்கே கேட்டார், உன் மேனேஜர் எதையாவது நேரா சொல்லியிருக்காரான்னு. நான் உங்களுக்காக அவர்கிட்ட சண்டை போட்டேன். ரெண்டு நாள் பேச்சு வார்த்தை இல்ல. இப்ப எந்த முகத்தோட போய்ச் சொல்வேன்? நீங்க வந்து சொல்லுங்க."

"வர்றேன்மா. இன்னிக்கே வர்றேன்."

"என்ன சொல்வீங்க?"

"எனக்குத் தெரிஞ்சிருந்தும் நான் சொல்லாம விட்டுட்டேன்னு சொல்றேன்."

"முன்னால பின்னால எதுவும் சேர்க்காம, அதை மட்டும் சொல்வீங்களா?"

மேனேஜர் அந்த மனிதரின் வாசலில் தான் நிற்பதை நினைத்துப் பார்த்தார். நல்லா இருக்கீங்களா, தொழில் எப்படி, பையன் என்ன படிக்கறான் என்று வாய் தானாக ஆரம்பிப்பது அவருக்குக் கேட்டது.

"தெரியலம்மா" என்றார்.