அம்மா விழுங்கிய சொல்

கல்கத்தாவில் நாங்கள் பழகிய தமிழ்க் குடும்பங்களில் ஆண்களுக்குப் பெயர் இருந்ததாகவே எனக்கு நினைவில்லை. டெபுடி மாமா, ஆடிட் மாமா என்று உத்தியோகம்தான் பெயர். அவர்களுடைய மனைவிமாரும் அப்படியே டெபுடி மாமி, ஆடிட் மாமி ஆகிவிடுவார்கள். இதில் என் அப்பாவுக்கு வாய்த்தது அசிஸ்டென்ட். நவராத்திரிக்கு வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்ளப் போன இடத்தில் யாராவது “வாங்கோ அசிஸ்டென்ட் மாமி” என்றுவிட்டால் அம்மாவின் முகம் சுண்டிப்போகும். சப், ஜூனியர், அண்டர், அசிஸ்டென்ட் என்று மனுஷாளைத் தலையில் குட்டுவதற்கென்றே வெள்ளைக்காரன் இத்தனை வார்த்தைகளைச் செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான் என்பாள். டெபுடியாவது காதுக்குக் கொஞ்சம் கம்பீரமாக இருக்கிறது, அசிஸ்டென்ட் என்றால் மளிகைக் கடையில் பொட்டலம் கட்டுகிறவனுக்கும் அதுதானே பெயர் என்பது அவள் கட்சி.

எனக்கு எட்டு ஒன்பது வயதிருக்கும்போது அப்பாவின் சூப்பரின்டெண்டென்டுக்கு மஞ்சள் காமாலை வந்தது. அவர் வங்காளி. டாக்குரியாவில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் அவர் வீடு, இந்தப் பக்கம் எங்கள் வீடு. அவரை நான் ஜேட்டு என்றுதான் கூப்பிடுவேன், வங்காளத்தில் பெரியப்பா. ஜேட்டு நீண்ட லீவில் போகவே, அவர் திரும்பி வரும்வரை அவருடைய வேலையை அப்பா பார்க்க வேண்டும் என்று ஆர்டர் வந்தது. ஆபீஸ் பாஷையில் அப்பா இப்போது ஆபிஷியேட்டிங் சூப்பரின்டெண்டென்ட். ஜேட்டு தேறி வருகிற அன்றைக்கே பழையபடி அசிஸ்டென்ட்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் அத்தைக்கு வரன் வந்தது. அப்பாவின் தங்கையான அவள் எங்களோடுதான் இருந்தாள். அதுவரை வந்தவர்களெல்லாம் பெண்ணின் அண்ணா என்னவாக இருக்கிறார் என்று கேட்பார்கள். பதிலைக் கேட்டுக்கொண்டு, காபியையும் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். இந்த வரன் பவானிபூரில் பெரிய இடம். பையனின் அப்பா பாங்கில் பெரிய ஆபீசர். பையனின் அம்மா கோயிலில் வைத்து என் அம்மாவிடம் அதே கேள்வியைக் கேட்டாள். அம்மா “சூப்பரின்டெண்டென்ட்” என்றாள். முன்னால் இருந்த ஆபிஷியேட்டிங்கைப் பிரசாதத்தோடு சேர்த்து விழுங்கிவிட்டாள். பக்கத்தில் நான்தான் நின்றுகொண்டிருந்தேன். மறு வாரமே நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்தார்கள்.

அதன் பிறகு வீட்டில் ஒருவருக்கும் இருப்புக்கொள்ளவில்லை. அப்பா தினமும் சவரம் செய்யும்போது கன்னத்தைக் கீறிக்கொண்டார். அத்தை ஒரே ரவிக்கையைப் பிரிப்பதும் தைப்பதுமாக இருந்தாள்.

“நாளைக்குத் தெரிஞ்சா என்னடி பண்றது?” என்று அப்பா கேட்டார்.

“தெரியறதுக்குள்ள கல்யாணம் ஆயிடும்” என்றாள் அம்மா.

அவள் கணக்குக்கு ஜேட்டு இன்னும் கொஞ்ச நாள் படுத்திருந்தால் போதும். அதனால் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தினமும் என்னை அவர் வீட்டுக்கு அனுப்புவாள். உடம்பு எப்படி என்று கேட்க வேண்டாம், கண்ணைப் பார், வெள்ளையா மஞ்சளா என்று பார்த்துக்கொண்டு வந்து சொல் என்பாள். நானும் ஜேட்டுவின் கட்டிலருகில் போய் முகத்தோடு முகம் வைத்துப் பார்ப்பேன். அவர் எனக்கு வசதியாகக் கண்ணை உருட்டிக் காட்டுவார். மஞ்சள்தான் என்று வந்து சொன்னால் அம்மா “ஐயோ பாவம்” என்பாள். அன்று எனக்குத் தோசைக்கு வெல்லம் கூடுதலாகவே கிடைக்கும்.

ஆனால் அம்மாவுக்குக் காமாலைக்கு மருந்து தெரியும். அதுதான் வினை. ஏரிக்கரைப் புல்லில் கீழாநெல்லி மண்டிக் கிடந்தது. அவள் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அதைப் பார்ப்பாள், பார்க்காதது போல் நடப்பாள். இரண்டு மூன்று நாள் இப்படிக் கழிந்தது. அப்புறம் ஒரு காலையில் திடீரென்று என்னை இழுத்துக்கொண்டு போய் மடி நிறையப் பறித்தாள்.

“தெரிஞ்சுண்டே குடுக்காம இருந்தா எனக்கு நல்ல கதி கிடைக்குமோடி?” என்று என்னிடம் கேட்டாள். ஏதோ நான் தடுத்தது போல.

அரைத்து, மோரில் கலக்கி, தூக்கில் ஊற்றி என்னிடம் கொடுத்தனுப்பினாள். முழுக்கக் குடித்தாரா என்று கேட்பாள். குடித்தார் என்றால் தலையை ஆட்டிக்கொள்வாள், பிறகு அன்று முழுவதும் ஒரு வேலையும் ஓடாமல் அடுக்களைக்கும் வாசலுக்கும் நடப்பாள். ஒரு நாள் நான் ரயில் பாதையைத் தாண்டி ஓடி வந்து, ஜேட்டுவின் கண் பால் மாதிரி வெளுத்துவிட்டது என்று கத்தினேன்.

“ஓரத்துல கூடவா மஞ்சள் இல்லே?” என்று கேட்டுவிட்டு அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அத்தை தையலை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அம்மா கொடுத்த மருந்துதான் கேட்டிருக்கிறது, அதற்கு ஏன் இப்படி என்று எனக்கு ஒரே கோபம்.

ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். ஜேட்டு வேலையில் சேரப்போவது திங்கட்கிழமை. ஒரு நாள் இடைவெளியில் தப்பித்தோம் என்று அம்மா மூச்சு விடும்போது, அவரைக் கூப்பிடாமல் எப்படி என்றார் அப்பா. மேலதிகாரியைக் கூப்பிடாமல் வீட்டில் விசேஷம் செய்கிற துணிச்சல் அவருக்கு ஏது? போய்க் கூப்பிட்டுவிட்டு வந்தார். டாக்டர் அவரை வெளியே விடமாட்டார் என்று அம்மா காளிகாட் அம்மனை நம்பினாள்.

ஜேட்டு வந்துவிட்டார். வெளுத்த பஞ்சகச்சமும் ஜிப்பாவும், கையில் சந்தேஷ் இனிப்பு டப்பா. காமாலையில் பாதியாக இளைத்திருந்தார். அப்பா காபித் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். பையனின் அப்பா அவரைப் பார்த்து, “நீங்க உட்காருங்கோ சூப்பரின்டெண்டென்ட் ஸார், காபி கொடுக்க வேற மனுஷா இல்லையா?” என்றார். தமிழ் தெரியாவிட்டாலும் நடுவில் இருந்த அந்த ஒரு சொல் ஜேட்டுவுக்குப் புரிந்திருக்கும். அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா தட்டைப் பார்த்தார்.

பையனின் அப்பா ஜேட்டுவின் பக்கம் திரும்பி, நீங்களும் அதே ஆபீஸா, என்ன பதவி என்று இங்கிலீஷில் கேட்டார். கதவிடுக்கில் அத்தையின் புடவைத் தலைப்பு அசையாமல் இருந்தது. பதில் எனக்குத் தெரியும். சொல்ல வாயைத் திறந்துகூட விட்டேன்.

“ஐ ஒர்க் அண்டர் ஹிம்” என்று ஜேட்டு அப்பாவைக் கைகாட்டினார். “வெரி குட் மேன்.”

பையனின் அப்பா அவருக்கு ஒரு தலையசைப்பு மட்டும் கொடுத்துவிட்டு அப்பாவிடம் திரும்பிக்கொண்டார். தாம்பாளம் மாற்றினார்கள். யாரும் பக்கத்தில் உட்காராமல் ஜேட்டு ஓரமாகக் கேசரி சாப்பிட்டார்.

எனக்கு அழுகை வந்தது. படுத்துக் கிடந்த நாளில் ஜேட்டுவைக் கீழே இறக்கிவிட்டார்கள் என்றே நினைத்தேன். அண்டர் என்றால் என்னவென்று அம்மா புலம்பியே எனக்குத் தெரியும். அவரை வாசல்வரை கூட்டிக்கொண்டு போய், கவலைப்படாதீர்கள், அப்பா நல்லவர், உங்களைத் திட்டமாட்டார் என்று வங்காளத்தில் சொன்னேன். ஜேட்டு என் தலையில் கை வைத்து, அதை அப்பாவிடமும் ஒரு தடவை சொல்லிவிடு என்றார்.

நானும் உடனே போய்ச் சொன்னேன். அப்பா செருப்புகூடப் போடாமல் ஜேட்டுவின் பின்னால் ரயில் பாதைப் பக்கம் வேகமாக நடந்து போனார். மறுநாள் பள்ளிக்கூடத்தில் எனக்குப் பாடமே ஏறவில்லை. இத்தனை நாள் படுத்துக் கிடந்துவிட்டு இன்றைக்குப் போயிருக்கிறாரே, ஆபீஸில் ஜேட்டுவுக்கு உட்கார ஒரு நாற்காலியாவது கொடுத்திருப்பார்களா என்பதுதான் அன்று முழுவதும் என் கவலையாக இருந்தது.